கரடி வந்துபோகும் மலையூர்கள்

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர், மஞ்சூர் வட்டாரங்களில் கரடி ஊருக்குள் வருவது இப்போது செய்தியே அல்ல. கோயில் கதவைப் பெயர்த்து விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயைக் குடிக்கிறது. சத்துணவுக் கூடத்தில் அரிசி, பருப்பு மூட்டைகளைக் கிழிக்கிறது. ரேஷன் கடைக்குள் புகுந்து பாமாயில் பாக்கெட்டுகளைக் கடித்து உறிஞ்சுகிறது. வால்பாறை எஸ்டேட்டுகளில் நிலைமை வேறு. அங்கே தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் தேயிலைச் செடிகளுக்கு நடுவே கரடியிடம் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே விலங்கால் வரும் இரு வேறு சிக்கல்கள் இவை. முதலாவதற்குக் காரணம் வாசனை. அதை அடைத்துவிட்டால் கரடிக்கு ஊரில் வேலை இல்லை. இரண்டாவதற்குக் காரணம் திடுக்கிடல். ஆள் வருவது முன்கூட்டியே தெரிந்தால் கரடி பெரும்பாலும் விலகிப் போய்விடும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் எதற்கெடுத்தாலும் கூண்டு வைக்கச் சொல்வதால்தான் இரண்டுமே தீராமல் நிற்கின்றன.

விலங்கின் இயல்பு

தமிழ்நாட்டுக் காடுகளில் வாழும் கரடி ஓரினந்தான். அதே இனம் வடக்கே இமயமலை அடிவாரம் வரை பரவியிருக்கிறது. அதன் கிளையினம் ஒன்று இலங்கையில் வில்பத்து, யால போன்ற உலர்வலயக் காடுகளில் வாழ்கிறது. வளர்ந்த ஆண் ஏறக்குறைய 80 முதல் 145 கிலோ வரை இருக்கும். பெண் அதைவிடச் சிறியது. உடலெங்கும் கரிய சடைமுடி, மார்பில் ‘வி’ வடிவ வெளிர்க்கோடு, முடி குறைந்த நீண்ட மூஞ்சி, முன்கால்களில் 6 முதல் 8 சென்டிமீட்டர் நீளமுள்ள வளைந்த நகங்கள். மேல்தாடையின் நடுவில் இரண்டு பற்கள் இருப்பதில்லை. அந்த இடைவெளி கறையானை உறிஞ்சுவதற்கு வாகாக அமைந்தது. கரடி புற்றை நகத்தால் பிளந்து, மண்ணை ஊதித் தள்ளி, உதட்டைக் குழல்போல் குவித்துக் கறையானை இழுத்துக்கொள்ளும். அந்த உறுமலும் உறிஞ்சலும் கலந்த சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். மனிதருக்கு இது நல்ல எச்சரிக்கை. ஆனால் தோண்டுவதில் மூழ்கிய கரடியின் காதில் மனிதரின் காலடி ஓசை விழாது.

மோப்பத்தில் கரடியை மிஞ்சுவது கடினம். கண்ணும் காதும் அவ்வளவு கூர்மையில்லை. காற்று கரடியின் பக்கமிருந்து மனிதரின் பக்கம் வீசினால் ஆள் மிக அருகே வரும் வரை அதற்குத் தெரியாமலே போகலாம். அப்படித் திடீரென்று எதிர்ப்படும்போது அது என்ன செய்யும் என்பதற்கான விடை அதன் பழைய பகையில் இருக்கிறது. புலி, சிறுத்தை, யானை ஆகியவற்றோடு ஒரே காட்டைப் பங்கிட்டு வாழ்ந்த விலங்கு இது. ஓடித் தப்ப அதன் கால்கள் மான்கால்கள் அல்ல. மரமேறினாலும் சிறுத்தை பின்னாலேயே ஏறிவிடும். ஆகவே முந்திக்கொண்டு பாய்ந்து, எதிராளியை நிலைகுலையச் செய்து, பிறகு விலகுவதே இந்த இனத்தின் வழக்கம். மனிதரையும் அது அப்படித்தான் எதிர்கொள்கிறது. தின்பதற்காக அது தாக்குவதில்லை. பின்னங்காலில் எழுந்து அடிக்கும் அடி பெரும்பாலும் தலையிலும் முகத்திலும் விழுகிறது. மத்தியப் பிரதேசத்தில் 1989 முதல் 1994 வரையிலான ஐந்தாண்டுகளில் கரடியிடம் 735 பேர் அகப்பட்டதாகவும், அவர்களில் 48 பேர் இறந்ததாகவும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பிழைத்தவர்களே மிகுதி. ஆனால் கண்ணையோ மூக்கையோ தாடையையோ இழந்து பிழைப்பது சிறிய இழப்பல்ல.

குட்டிகள் பெரும்பாலும் குளிர்மாதங்களில் பாறைக்குகையில் பிறக்கின்றன. ஓர் ஈற்றில் ஒன்று அல்லது இரண்டு. குகையை விட்டு வெளிவந்த பிறகும் பல மாதங்கள் தாயின் முதுகில்தான் சவாரி. ஏறக்குறைய இரண்டு வயது வரை தாயோடுதான் திரியும். குட்டியோடு இருக்கும் தாய்க்கரடியிடம் எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும். எங்கே எது கிடைக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வதும் இந்தக் காலத்தில்தான். சத்துணவுக் கூடத்தின் பின்கதவைத் தாய் காட்டிக்கொடுத்தால் அந்த அறிவு அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேர்கிறது.

ஊர்ப்பக்கம் வரும் காரணங்கள்

நீலகிரியின் கிழக்குச் சரிவுகளில் காடும் ஊரும் கோடு போட்டுப் பிரிந்திருக்கவில்லை. தேயிலை, அதற்கிடையே சோலைத் துண்டு, பாறை இடுக்கு, நீரோடை, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள், மறுபடி தேயிலை என்று கலந்தே கிடக்கின்றன. பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காமல் சிறு விவசாயிகள் கைவிட்ட தோட்டங்களில் கவாத்து இல்லாத செடிகள் மரமாக உயர்ந்துவிட்டன. அடியில் உண்ணிச்செடி மண்டியிருக்கிறது. அதன் கறுத்த பழம் கரடிக்கு உணவு. அதன் புதர் பகலில் படுக்க இடம். ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் கரடி குடியிருக்கிறதென்றால் காடு அழிந்தது மட்டும் காரணமில்லை, தோட்டம் காடானதும் காரணம். கரடித் தொல்லை பற்றிய கூட்டங்களில் தேயிலை விலை பேசப்படுவது அரிது. பேசப்பட வேண்டியது அதுதான்.

அதன்மேல் பழம். மேட்டுப்பகுதியில் பேரியும் பிளம்ஸும், பர்லியாறு, கல்லாறு போன்ற தாழ்சரிவில் பலாவும் பழுக்கும் மாதங்களில் கரடி தோட்டந்தோறும் வரும். பனிநாடுகளின் கரடிகளைப் போல இந்த இனம் குளிர்கால உறக்கம் கொள்வதில்லை என்பதால் பருவம் முடிந்தபின் ஓய்வு கிடைக்கும் என்று எண்ணுவதற்கில்லை. பழம் தீர்ந்தால் குப்பைத்தொட்டி, அதுவும் இல்லையென்றால் எண்ணெய் வாசனை வரும் கதவு.

வந்துபோன தடயங்கள்

கரடி நடமாட்டத்தை ஊரார் முதலில் அறிவது மண்ணிலிருந்துதான். பின்னங்கால் தடம் அகன்ற மனிதப் பாதம்போல் தோன்றும். ஐந்து விரல்களும் ஏறக்குறைய ஒரே வரிசையில் இருக்கும். முன்கால் தடத்தில் விரலுக்கு வெகு முன்னால் நகப்புள்ளிகள் பதிந்திருக்கும். சிறுத்தையின் தடத்தில் நகம் பதியாது, விரல்கள் நான்குதான். உடைந்த கறையான் புற்று, கைமுழுக்க நுழையும் ஆழத்துக்குத் தோண்டிய குழிகள், மரப்பட்டையில் இணைகோடுகளாகக் கீறல், பழக்கொட்டைகளோ கறையான் தலைகளோ நிறைந்த சாணம் ஆகியவை மற்ற அடையாளங்கள். தோண்டிய மண் ஈரமாகவும் சாணம் பளபளப்பாகவும் இருந்தால் விலங்கு அருகில் இருக்கக்கூடும். அந்தப் பாதையை அன்று விட்டுவிடுவதே சரி. தடயம் கண்ட இடமும் நாளும் வனவரிடமோ வேட்டைத்தடுப்புக் காவலரிடமோ உடனே சொல்லப்பட வேண்டும். ஒரே கரடி திரும்பத் திரும்ப வருகிறதா, பல கரடிகள் வழியாகப் போகின்றனவா என்பது இத்தகைய சிறு தகவல்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

வாசனையை அடைத்தல்

கரடி தேடி வருவதில் முதலிடம் எண்ணெய்க்கும் நெய்க்கும். வெல்லம், சர்க்கரை, மாவு, அரிசி, பிஸ்கட், வாழைப்பழம், புண்ணாக்கு எல்லாம் அதற்கடுத்து. இவற்றை வைக்கும் அறைக்கு மெல்லிய தகரக் கதவோ பிளைவுட் கதவோ பயன்படாது. கீழ்விளிம்பில் நகம் நுழைய இடம் கிடைத்தால் அதை நெம்பித் திறப்பது கரடிக்குச் சில நிமிட வேலை. இரும்புச் சட்டமும் குறுக்குப் பட்டைகளும் கொண்ட, நிலைப்படியோடு இடைவெளியின்றிப் பொருந்தும் கதவு வேண்டும். சன்னலுக்கும் அதே கணக்குதான். எண்ணெயும் வெல்லமும் மூடி இறுகப் பூட்டும் இரும்பு டிரம்மில் இருந்தால் கதவுக்குப் பின்னே இரண்டாம் காவல் ஆகும்.

கோயில்களில் செய்ய வேண்டியது எளிது, ஆனால் தினமும் செய்ய வேண்டும். மாலைப் பூசை முடிந்ததும் மீந்த எண்ணெய், நெய், பழம், பிரசாதம் அனைத்தும் ஊர் நடுவிலுள்ள ஒரு வீட்டுக்கு எடுத்துச் செல்லப்பட வேண்டும். அகலிலும் தரையிலும் சிந்திய எண்ணெய் துடைக்கப்பட வேண்டும். உள்ளே ஒன்றுமில்லாத கோயிலின் கதவையும் பழைய நினைவில் கரடி ஓரிரு முறை உடைக்கும். பலனில்லாவிட்டால் வருகையைக் குறைத்துக்கொள்ளும். ஒரே ஒரு நாள் மறந்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை ஆகியவை காட்டோரம் தனித்து நின்றால் இருப்பைக் குறைத்து அடிக்கடி வரவழைப்பதே நல்லது. புதிய கட்டடம் கட்டும்போது இடத்தேர்விலேயே இதைக் கவனிக்கலாம்.

குப்பையை முந்தைய இரவே வெளியே வைப்பது அழைப்பிதழ் அனுப்புவதற்குச் சமம். வண்டி வரும் நேரத்துக்குக் காலையில் கொண்டுவந்தால் போதும். ஓட்டல், இறைச்சிக்கடை, தங்கும் விடுதி ஆகியவற்றின் கழிவே தனிவீடுகளின் கழிவைவிடப் பெரிய ஈர்ப்பு என்பதால் ஊராட்சி முதலில் அங்கேதான் கண்டிப்பு காட்ட வேண்டும். பழத்தோட்டத்தில் உதிர்ந்த பழங்களை அன்றன்றே பொறுக்கிவிட வேண்டும். பலாவை மரத்திலேயே பழுக்க விடாமல் முற்றிய காயாக இறக்குவது நல்லது. சுற்றுலாப் பயணிகள் படம் பிடிப்பதற்காகக் கரடிக்குப் பிஸ்கட் வீசுவதை உள்ளூர்க்காரர்கள்தான் தடுக்க முடியும். அதன் விளைவை அனுபவிப்பவர்களும் அவர்களே.

பட்டாசும் தகர டப்பாவும் கரடியை அந்த நேரத்துக்குத் துரத்தும். எண்ணெய் அங்கேயே இருந்தால் நாளை வேறு நேரத்தில் வரும். நாய் குரைப்பது நல்ல முன்னறிவிப்பு. ஆனால் கட்டவிழ்த்த நாய் புதருக்குள் பாய்ந்து, கரடியைச் சீண்டிவிட்டு, உயிருக்குப் பயந்து எசமானரிடமே ஓடி வரும், கரடியையும் கூட்டிக்கொண்டு. காட்டுப்பன்றிக்காக வைக்கும் சுருக்குக் கம்பியும் வெடி பொதிந்த அவுட்டுக்காயும் சட்டப்படி குற்றம். அவற்றில் மாட்டி வலியில் கிடக்கும் கரடியைவிட ஆபத்தானது வேறில்லை.

தேயிலைக்காட்டிலும் ஒற்றையடிப் பாதையிலும்

வேலை தொடங்கும் காலை நேரமும் பொழுது சாயும் நேரமும் கவனமாக இருக்க வேண்டியவை. கொழுந்து பறிப்பவர்கள் நிரைக்குள் இறங்குமுன் மேற்பார்வையாளர் இரண்டு மூன்று பேரோடு அந்தப் பகுதியைத் தகரம் தட்டிச் சுற்றி வரட்டும். சில நிமிடம் பொறுத்து வேலையைத் தொடங்கலாம். பறிப்பு சாலைப் பக்கத்திலிருந்து காட்டுப்பக்கம் நோக்கிப் போக வேண்டும். செடிக்கடியில் படுத்திருக்கும் கரடிக்கு அப்போது பின்வழி திறந்திருக்கும். காட்டோரத்தில் தொடங்கிச் சாலையை நோக்கி வந்தால் கரடி நடுவில் சிக்கும். பிறகு அது ஆட்களைப் பிளந்துகொண்டுதான் வெளியேற முடியும். நிரைகளுக்கிடையே பேச்சுக்குரல் ஓயாமல் இருப்பது நல்லது. காதில் பாட்டுக்கருவி செருகிக்கொண்டு தனியே ஒதுங்கிப் பறிப்பது கூடாது. மழை, மூடுபனி, பலத்த காற்று, ஓடையின் இரைச்சல் ஆகியவை மனித ஓசையை விழுங்கிவிடும். அத்தகைய நாளில் இன்னும் உரக்க ஓசை எழுப்ப வேண்டும்.

நடைபாதை ஓரங்களில் உண்ணிச்செடியை வெட்டி, வளைவுகளில் முன்னால் இருப்பது தெரியும்படி செய்வது ஊராட்சிப் பணிகளில் சேர்க்கத் தக்கது. விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்கள் குழுவாக, வெயில் ஏறியபின் போவது பாதுகாப்பு. குனிந்து விறகு பொறுக்கும்போது ஒருவர் நிமிர்ந்து காவல் நிற்க வேண்டும். கையில் நீண்ட தடி இருக்கட்டும். வேறு சில இடங்களில் மணி கட்டிய தடி பயன்படுத்தப்படுகிறது. நடக்க நடக்க ஒலிப்பதால் அது இரட்டைப் பயன் தரும். இரவில் இருசக்கர வாகனம் ஓட்டுபவர்கள் வளைவில் ஹாரன் அடித்து மெதுவாகத் திரும்ப வேண்டும். கரடி குறுக்கே நின்றால் தூரத்திலேயே நிறுத்தி, அது சாலையைக் கடக்கும் வரை காத்திருக்க வேண்டும். குட்டி பின்னால் வரக்கூடும் என்பதால் தாய் கடந்ததும் வண்டியை எடுப்பது பிழை.

இவையெல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று கழிப்பறை. இருள் பிரியுமுன் புதரோரம் ஒதுங்கும் நிலை இருக்கும் வரை எந்த அறிவுரையும் முழுப் பயன் தராது. ஆள் தனியாக, ஓசையின்றி, குந்தியிருக்கும் நிலையில் கரடி எதிர்ப்பட எல்லா வாய்ப்பும் அங்கே கூடிவருகிறது. லைன் வீடுகளுக்கு வீட்டோடு சேர்ந்த, தண்ணீர் வரும் கழிப்பறை கட்டித் தருவதும் கரடிப் பாதுகாப்புத்தான்.

நேருக்கு நேர்

தொலைவில் நிற்கும் கரடி ஆளைக் கவனிக்கவில்லையென்றால் வந்த வழியே சத்தமின்றித் திரும்பிவிட வேண்டும். கவனித்துவிட்டது என்றால் நின்று, இயல்பான குரலில் பேசியபடி, முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு மெல்லப் பின்வாங்க வேண்டும். அதன் வெளியேறும் வழியில் நிற்கக் கூடாது, கல்லெறியவும் கூடாது. பின்னங்காலில் எழுந்து நிற்பது எப்போதும் தாக்குதலின் தொடக்கமல்ல, பல வேளைகளில் மோப்பம் பிடித்து யாரென்று அறியும் முயற்சி. ஓடுவது எந்த நிலையிலும் பயனற்றது. அசமந்தமாகத் தோன்றும் இந்த விலங்கு மனிதரைவிட வேகமாக ஓடும். இறக்கத்தில் ஓடினால் முடி கண்ணை மறைத்துக் கரடி தடுமாறும் என்று மலையூர்களில் சொல்வதை நம்பி இறங்கியவர்கள் தடுமாறி விழுந்ததுதான் மிச்சம். மரமேறுவதும் வழியல்ல. தேன் எடுக்க மரமேறும் விலங்கு அது.

பாய்ந்து வந்தால் அது பாதியில் நின்று திரும்புவதும் உண்டு. தடி, குடை, கூடை எது கையில் இருந்தாலும் இடையில் நீட்டிப் பிடித்து உரக்கக் குரல் எழுப்பலாம். தள்ளிவிட்டது என்றால் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, முழங்கைகளால் முகத்தின் இருபுறமும் மறைத்து, கால்களை அகட்டிப் புரளாமல் கிடக்க வேண்டும். முதுகில் கூடையோ பையோ இருந்தால் கழற்ற வேண்டாம். இரண்டு நண்பர்களும் கரடியும் என்ற பள்ளிக்கூடக் கதையில் மூச்சடக்கிப் படுத்தவன் பிழைக்கிறான். கதை சொல்லும் காரணம் தவறு, செயல் ஏறக்குறையச் சரி. கரடி விலகுவது பிணத்தைத் தொடாது என்பதாலல்ல, எதிர்ப்பு அடங்கியதும் ஆபத்து நீங்கியதாக அது எண்ணுவதால். ஆனால் மல்லாந்து படுத்தால் முகம் போய்விடும். கரடி போனபின்னும் உடனே எழக் கூடாது. அருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தால் அசைவைக் கண்டு மீண்டும் வரும்.

உதவிக்குப் போகிறவர்களுக்கும் ஒழுங்கு வேண்டும். 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே இருசக்கர வாகனத்தில் போன மசாலா வியாபாரியைக் கரடி தாக்கியது. காப்பாற்றச் சென்ற இருவரும் அதே கரடியிடம் படுகாயமடைந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வெறுங்கையோடு நெருங்குவது ஆபத்து. பலர் சேர்ந்து, தடிகளோடு, பேரோசை எழுப்பியபடி, முடிந்தால் ஜீப்போ டிராக்டரோ முன்னே வர, கரடிக்கு ஒரு பக்கம் வழிவிட்டு நகர வேண்டும்.

காயத்துக்கு முதலுதவி

முதலில் மூச்சு, பிறகு இரத்தம். முகம் கிழிந்தவரை மல்லாக்கக் கிடத்தினால் இரத்தம் தொண்டையில் இறங்கி மூச்சை அடைக்கும். நினைவிருந்தால் முன்சாய்ந்து உட்கார வைக்க வேண்டும். இல்லையென்றால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். சுத்தமான துணியை மடித்துக் காயத்தில் அழுத்திப் பிடித்து, 108-க்குச் சொல்ல வேண்டும். உரிந்து தொங்கும் உச்சித்தோலை வெட்டி எறியக் கூடாது; பழைய இடத்தில் பொருத்தி ஈரத்துணியால் கட்டினால் அறுவை மருத்துவர் அதைப் பயன்படுத்துவார். கண்ணில் அடிபட்டிருந்தால் அழுத்தாமல் மூடி வைப்பது மட்டுமே வேலை. காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது. சிறிய கடிக்கும் கீறலுக்கும் சோப்புத் தண்ணீரால் 15 நிமிடம் கழுவுவது வெறிநோய்த் தடுப்பின் முதற்படி. காயம் எவ்வளவு சிறிதானாலும் வெறிநோய்த் தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் தவறக் கூடாது. தோல் கிழிந்திருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும்.

கூண்டு, கிணறு, சட்டம்

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கரடி முதல் அட்டவணையில் இருக்கிறது. உயிரைக் காக்க நல்லெண்ணத்துடன் எதிர்த்ததில் அது இறந்தால் குற்றமாகாது. ஆனால் உடல் அரசின் சொத்து. ஊரார் தாமாகப் பிடிக்கவோ கொல்லவோ முடியாது. மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்ட கரடி பற்றி ஆணையிடும் அதிகாரம் மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளருக்கே உண்டு.

கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விடுவது ஊரை அமைதிப்படுத்தும் வழி. சிக்கலைத் தீர்ப்பது அரிது. விட்ட இடம் பழகாமல் கரடி திரும்பப் புறப்படலாம், இல்லையென்றால் காலியான இடத்துக்கு அதே எண்ணெய் வாசனை இன்னொன்றைக் கூப்பிடும். மயக்க ஊசியும் ஆபத்தில்லாத கருவி அல்ல. கடையத்தில் மயக்கிப் பிடித்துக் காட்டில் விடப்பட்ட கரடி பிறகு இறந்தது. 2023 ஏப்ரலில் திருவனந்தபுரம் மாவட்டம் வெள்ளநாட்டில் கிணற்றில் விழுந்த கரடிக்கு மயக்க ஊசி போட்டதில் அது நீருக்குள் மூழ்கிச் செத்தது. திறந்த கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவரும் இரும்பு வலையும் போடுவது இரு தரப்புக்கும் நல்லது. நீர் குறைந்த கிணற்றில் விழுந்த கரடிக்குச் சாய்வாக ஏணியோ மரமோ இறக்கி, ஆட்கள் அகன்றுவிட்டால் இரவில் தானே ஏறிப்போகும் வாய்ப்பு அதிகம். அதற்குப் பெரிய தடை வேடிக்கை பார்க்கும் கூட்டம்தான். கரடி கிணற்றிலோ வீட்டுக்குள்ளோ மாட்டியதும் காவல்துறைக்குச் சொல்லிச் சாலையை அடைப்பது வனத்துறை வருமுன்னரே ஊர்த்தலைவர் செய்யக்கூடிய பயனுள்ள வேலை.

தாக்குதலில் காயமோ உயிரிழப்போ நேர்ந்தால் அரசின் இழப்பீட்டுக்கு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். சம்பவ இடத்தை வனத்துறையினர் பார்வையிடும் வரை தடங்களை மிதித்து அழிக்காமல் தார்ப்பாயால் மூடி வைப்பது நல்லது. அரசு மருத்துவமனையின் காயச் சான்றிதழ், காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகல், காயத்தின் ஒளிப்படம், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவை தேவைப்படும். இறப்பு நேர்ந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வாரிசுச் சான்றிதழும் சேரும். உடைந்த கதவு, நாசமான கடைச்சரக்கு ஆகியவற்றையும் படமெடுத்து மனுவோடு இணைக்கலாம். முகக்காயத்துக்கு ஒட்டறுவைச் சிகிச்சை மாதக்கணக்கில் நீளக்கூடும் என்பதால், முதல் நாள் சீட்டிலிருந்து ஒவ்வொரு மருத்துவக் காகிதத்தையும் ஒரே உறையில் போட்டு வைக்க வேண்டும்.